பூட்டிய ஏடும் உதிர்ந்த பிரதிகளும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், எம்.ஐ.டி. என்று உலகம் அறிந்த தொழில்நுட்பக் கழகத்தில், 1961ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பெர்னாண்டோ கார்பட்டோ என்னும் அறிஞரும் அவருடைய சகாக்கள் சிலரும் ஐபிஎம் 709 என்ற பெரும் யந்திரத்தைக் கொண்டு ஒரு புதுமையைச் செய்து காட்டினார்கள். துளையிட்ட அட்டைக் கட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் காத்துக் கிடந்த ஆராய்ச்சியாளர்களுக்கு, யந்திரத்தின் காலத்தைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி முறைவைத்துப் பங்கிட்டு, அது ஒவ்வொருவருக்கும் தனித்தே ஊழியம் செய்கிறது என்ற தோற்றத்தை உண்டாக்கித் தந்த அந்த ஏற்பாடு, சி.டி.எஸ்.எஸ். என்ற பெயரால் கணினிச் சரித்திரத்தில் நிலைபெற்றது. பலர் ஒரே யந்திரத்தில் தங்கள் கோப்புகளை வைக்கத் தொடங்கியதும், இது யாருடையது, இதைத் திறக்க யாருக்கு உரிமை என்ற கேள்விகள் இயல்பாகவே எழுந்தன. ஆளுக்கொரு கடவுச்சொல் என்ற தீர்வு அப்போது எளியதாகவும் போதுமானதாகவும் தோன்றியது.

ஆனால் அந்தச் சொற்களை யந்திரம் எங்கே வைத்துக்கொள்வது? மற்ற எல்லாவற்றையும் போலவே ஒரு கோப்பில்தான். அது எவ்வித மறைப்புமின்றி, படித்தவுடன் விளங்கும் எழுத்திலேயே இருந்தது. 1962ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், வாரந்தோறும் தமக்கு ஒதுக்கப்பட்டிருந்த யந்திர நேரம் தம் ஆய்வுக்குப் போதாமையால், கோப்புகளை அச்சிட்டுத் தருமாறு கேட்கும் வழக்கமான அட்டையில் கடவுச்சொற் கோப்பைக் குறித்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு சமர்ப்பித்தார். சனிக்கிழமை காலையில் சென்று, அச்சான தாள்கள் வைக்கப்படும் இடத்திலிருந்து எல்லோருடைய கடவுச்சொற்களையும் எடுத்துக்கொண்டு போனார். பல ஆண்டுகள் கழிந்தபின் அவரே இதை வெளியிட்டார். யாரும் எதையும் உடைக்கவில்லை. பிரதி கேட்டவருக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பதற்கென்றே அமைந்த ஒரு வசதி, தன் வேலையைப் பிசகின்றிச் செய்தது.

இந்தச் சரித்திரத்தில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது என்று நான் கருதுவது, அதே சி.டி.எஸ்.எஸ்.ஸில் அதன் பின்னர் நடந்த வேறொரு சம்பவம். உரையை எழுதவும் திருத்தவும் பயன்படும் எடிட்டர் என்னும் கருவி, நாம் திருத்தும் கோப்பை நேரே தொடுவதில்லை. அதிலிருந்து ஒரு தற்காலிகப் பிரதியை எடுத்து, திருத்தங்களையெல்லாம் அந்தப் பிரதியிலே செய்து, வேலை முடிந்ததும் அதை மூலத்தின் இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. நடுவில் மின்சாரம் போனாலும் யந்திரம் நின்றாலும் மூலம் சேதமடையாமல் இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணமே இதற்குக் காரணம். சி.டி.எஸ்.எஸ்.ஸின் எடிட்டர் அந்தத் தற்காலிகப் பிரதிக்கு எப்போதும் ஒரே பெயரை வைத்தது. ஓர் அடைவில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும் என்ற விதி இருந்தவரை அதில் தீங்கொன்றும் இல்லை. ஆனால் அமைப்பைப் பராமரிக்கும் ஊழியர்களின் தொகை நாளடைவில் ஒரு டஜனளவுக்குப் பெருகவே, அமைப்புக் கோப்புகள் இருந்த அடைவுக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்தி, பலர் ஏககாலத்தில் வேலை செய்ய இடம் கொடுத்தார்கள். எடிட்டரை எழுதியவர் எந்த விதியை நம்பி எழுதினாரோ அந்த விதி இப்போது இல்லை என்பது ஒருவர் நினைவுக்கும் வரவில்லை.

ஒரு நாள் பிற்பகல், ஊழியர் ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்த அதே சமயத்தில், மற்றொருவர் கடவுச்சொற் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு தற்காலிகப் பிரதிகளும் ஒரே பெயருடையவையாக இருந்தமையால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் அமர்ந்தது. அதன் பிறகு முனையத்தில் உட்கார்ந்து தம் பெயரைப் பதிவு செய்த ஒவ்வொருவருக்கும், வழக்கமான அறிவிப்பு வரவேண்டிய இடத்தில், அந்த அமைப்பைப் பயன்படுத்துவோர் அனைவருடைய கடவுச்சொற்களும் வரிவரியாகத் தட்டச்சாகி வந்தன. பதினைந்து இருபது நிமிஷங்கள் இவ்வாறு நடந்த பின்னரே, பொறுப்புணர்ச்சி மிக்க ஒருவர் நிர்வாகியைத் தொலைபேசியில் அழைத்துத் தெரிவித்தார். எல்லோருடைய கடவுச்சொற்களையும் உடனே மாற்றவேண்டியதாயிற்று. கார்பட்டோ 1990ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் பரிசைப் பெற்று ஆற்றிய சொற்பொழிவில் இந்தச் சம்பவத்தை விரிவாக எடுத்துரைத்தார். சிக்கலான அமைப்புகள் தவறியே தீரும் என்பதற்கு அவர் இதை உதாரணமாகக் காட்டினார். எனக்கு இதில் பட்ட விசேஷம் வேறு: ரகசியம் எல்லோர் கண்முன்னும் வெளிப்பட்ட அந்த நாளில் அதை வெளிப்படுத்தியது எடிட்டர் எடுத்த ஒரு பிரதி. முத்திரையிட்ட கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய குமாஸ்தா, அந்தக் கடிதத்தின் ஈர எழுத்தை ஒற்றியெடுத்த தாளை மேஜையின் மேலேயே விட்டுப் போனதைப் போன்ற இந்தத் தவறு, அடுத்த அறுபது ஆண்டுகளில் வெவ்வேறு உருவங்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

கடவுச்சொற்களை வெளிப்படையாக எழுதி வைப்பது தகாது என்ற ஞானம், இங்கிலாந்திலுள்ள மற்றொரு கேம்பிரிட்ஜில் பிறந்தது. அங்கே ரோஜர் நீதம் என்பவர், சொல்லை அப்படியே வைக்காமல், ஒரு திசையில் மட்டும் செய்யக்கூடிய கணக்கினால் அதை உருமாற்றி வைத்தால், கோப்பு களவு போனாலும் சொல் போகாது என்று கண்டார். மாரிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியிட்ட நூலில் இந்த யுக்தி விளக்கப்பட்டிருக்கிறது. இது யந்திரத்தின் கவலையைத் தீர்த்தது; ஏனெனில் வருபவர் சொல்லும் சொல் சரிதானா என்று சோதித்துப் பார்ப்பதற்கு மேல் யந்திரத்துக்கு வேறு தேவை இல்லை. மனிதனுக்கோ அந்தச் சொல்லே வேண்டும். மறந்துபோனால் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். ஆகையால் அவனுக்கு, பூட்டவும் வேண்டும், பூட்டியதைத் தானே திறக்கவும் வேண்டும் என்ற வேறொரு மறைப்பு முறை தேவைப்பட்டது. கடவுச்சொல் சரித்திரம் இந்த இடத்தில் இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. முதற்கிளையைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். சாமானிய மனிதனின் கைக்குறிப்பேடாகிய இரண்டாவது கிளையைப் பற்றி எழுதியவர்கள் சிலரே.

மனிதனின் நினைவாற்றல் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு ஓர் அழுத்தமான சான்று 1979இல் வெளிவந்தது. நியூஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் அமைப்பை வளர்த்துவந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்ஸன் ஆகிய இருவரும், பலர் நெடுங்காலமாகத் தேர்ந்து வைத்திருந்த 3,289 கடவுச்சொற்களைத் திரட்டி ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அவற்றில் 15 ஒற்றை எழுத்தாகவே இருந்தன, 72 இரண்டெழுத்து, 464 மூன்றெழுத்து, நான்கெழுத்தும் ஐந்தெழுத்தும் ஆறெழுத்துமாக இருந்தவை முறையே 477, 706, 605, இவையன்றி 492 சொற்கள் அகராதியிலோ பெயர்ப் பட்டியலிலோ அகப்படுபவை. ஆக, நூற்றுக்கு 86 பங்கு சொற்கள் சிறிது முயற்சியால் கண்டுபிடிக்கக்கூடியவையாக இருந்தன. சோதிப்போருக்கு உழைப்பைக் கூட்டும் பொருட்டு, உருமாற்றும் கணக்கை 25 முறை திரும்பத் திரும்பச் செய்வதும், ஒவ்வொரு சொல்லுக்கும் உப்பு என்று பெயரிட்ட ஒரு தற்செயல் எண்ணைச் சேர்ப்பதும் அவர்கள் செய்த சீர்திருத்தங்கள். தாம்ஸன் தமக்கென்று வைத்திருந்த சொல், சதுரங்கத்தில் ராணிக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் நகர்த்தும் ஆரம்ப ஆட்டத்தைக் குறிக்கும் எட்டு எழுத்துகளாக இருந்தது என்பது 2019இல்தான், அதிவேகக் கருவிகளின் உதவியால் தெரியவந்தது. நாற்பது ஆண்டு நின்ற அத்தகைய சொல்லை ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஐம்பது வைத்துக்கொண்டு அவற்றையெல்லாம் மனப்பாடமாக நினைவில் நிறுத்துவது யாராலும் ஆகாது. எழுதித்தான் வைக்க வேண்டும்.

எழுதி வைப்பதற்கு அன்றைய யூனிக்ஸில் இருந்த கருவி, தாம்ஸனே ஆக்கிய ஈ.டி. என்ற வரி எடிட்டர். திரை இல்லாமல், காகிதச் சுருளில் தட்டச்சாகும் முனையத்துக்கென்று செய்யப்பட்ட அந்த எளிய கருவியில், 1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பிலே, எக்ஸ் என்னும் ஒற்றை எழுத்துக் கட்டளை ஒன்று இருந்தது. அதைத் தட்டினால் எடிட்டர் ஒரு சாவிச்சொல்லைக் கேட்கும். அதன் பிறகு வாசிப்பதும் எழுதுவதும் எல்லாம் அந்தச் சாவியினால் மறைக்கப்பட்டே நடக்கும். வட்டில் கிடப்பது வேறு எவருக்கும் விளங்காத சங்கேதக் குவியலாக இருக்கும், திருத்துகிறவன் கண்முன் மட்டும் உரை உரையாகவே தோன்றும். மறைகோப்பை எடிட்டருக்குள்ளேயே திறந்து, எடிட்டருக்குள்ளேயே பூட்டி வைக்கும் பழக்கத்துக்கு நான் அறிந்த வரையில் இதுவே மூதாதை. அதைச் செய்தவர்களின் ஜாக்கிரதைக்கு ஓர் அத்தாட்சியும் உண்டு. ஈ.டி.யும் தற்காலிகப் பிரதி எடுக்கும் எடிட்டர்தான். ஆனால் எக்ஸ் கட்டளை இட்டுத் தொடங்கினால், அந்தத் தற்காலிகப் பிரதியையும் அது மறைத்தே எழுதியது. அதற்காகப் பயனரின் சாவியோடு அந்த நேரத்தின் கணக்கையும் அந்த ஓட்டத்துக்குரிய எண்ணையும் கலந்து, ஒவ்வொரு முறையும் புதிய சாவியொன்றை உண்டாக்கிக்கொண்டது. ஒற்றுத்தாளையும் பூட்டி வைக்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். எம்.ஐ.டி.யில் நேர்ந்த விபத்தை 1979ஆம் ஆண்டுக் கட்டுரையில் எடுத்துச் சொன்னவர்களும் அவர்களே.

குறை இருந்தது பூட்டில். அந்தக் கட்டளை பயன்படுத்திய மறைப்பு, இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் கையாண்ட எனிக்மா யந்திரத்தை ஒட்டி, 256 பற்களுடைய ஒற்றைச் சுழல்சக்கரத்தைக் கணக்கிலே சுழற்றுவது. இத்தகைய யந்திரங்களை உடைக்கும் வழிகள் உண்டு என்று அதன் கையேடே எச்சரித்திருந்தது. 1984இல் பெல் ஆய்வுக்கூடத்தையே சேர்ந்த ஜேம்ஸ் ரீட்ஸும் பீட்டர் வைன்பர்கரும், உரையின் ஒரு பகுதியில் இன்ன சொல் இருக்கக்கூடும் என்ற ஊகத்தைப் பற்றிக்கொண்டு, சக்கரத்தின் அமைப்பை மெல்ல மெல்ல மீட்டெடுக்கலாம் என்பதை வெளியிட்டுக் காட்டினார்கள். கடவுச்சொற் குறிப்பேட்டுக்கு இது விசேஷ அபாயம்; பெயர், முகவரி, கணக்கு என்று ஒரே மாதிரியான சொற்கள் வரிதோறும் திரும்ப வரும் ஏடு அது, ஊகிப்பவருக்கு அதைவிடச் சௌகரியமான உரை கிடைப்பது அரிது.

அந்தப் பலவீனமான பூட்டுக்கூட அமெரிக்க எல்லையைத் தாண்ட அனுமதிக்கப்படவில்லை. மறைப்புக் கருவிகளை யுத்த தளவாடங்களின் வரிசையில் வைத்திருந்தது அமெரிக்க அரசாங்கத்தின் ஏற்றுமதிச் சட்டம். ஆகையால் வெளிநாடுகளுக்குச் சென்ற யூனிக்ஸ் பிரதிகளில் அந்தப் பகுதிகள் நீக்கப்பட்டன. பில் ஜாய் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆக்கிய வி.ஐ. என்ற திரை எடிட்டரிலும் எக்ஸ் என்ற அதே எழுத்தாலான விருப்பம் இருந்தது. கடல் கடந்து வந்த பிரதிகளில் அது இயங்கவில்லை. அந்த எடிட்டரில் வேறொரு கருணையும் இருந்தது: யந்திரம் திடீரென்று நின்றுபோனால், பாதியில் நின்ற உரையைத் தனியிடத்தில் பத்திரப்படுத்தி, இன்ன கோப்பை மீட்டுக்கொள்ளலாம் என்று உடையவருக்குக் கடிதமும் அனுப்பும்; அதுவும் ஒரு பிரதிதான்.

மறுபடியும் எம்.ஐ.டி.க்குத் திரும்ப வேண்டும். அங்கிருந்த செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில், சி.டி.எஸ்.எஸ்.ஸுக்கு நேர்மாறான மனப்பான்மையோடு உருவாக்கப்பட்ட ஐ.டி.எஸ். என்ற அமைப்பில் கடவுச்சொல் என்பதே கிடையாது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் படிக்கலாம். 1976இல் ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் இமாக்ஸ் என்னும் எடிட்டருக்கு வடிவம் கொடுத்தது இந்தப் பூட்டில்லாத வீட்டில்தான். 1970களின் பிற்பகுதியில் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் கடவுச்சொல் முறை புகுத்தப்பட்டபோது, ஸ்டால்மன் அவற்றின் மறைப்பை அவிழ்த்துப் பார்த்து, உங்கள் சொல் இன்னது, இதற்குப் பதிலாக வெற்றுச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் எழுதினார். ஐந்தில் ஒரு பங்கினர் அவ்வாறே செய்ததாக அவர் கூறுவார். அறிவு எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்ற அந்தக் கொள்கையை நான் மதிக்கிறேன். ஆயினும் ஒரு தெருவிலுள்ளார் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் காலத்தின் கொள்கை அது. உலகமெல்லாம் ஒரு கம்பியால் பிணைக்கப்பட்டபோது அந்தக் காலம் முடிந்துவிட்டது.

1991ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிலிப் சிம்மர்மன் என்பவர் பி.ஜி.பி. என்ற மறைப்புக் கருவியை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். அது நாடு கடந்து பரவியது ஏற்றுமதிச் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க அரசாங்கம் அவர்மேல் விசாரணை நடத்தி, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, 1996 ஜனவரியில், குற்றச்சாட்டு ஏதுமின்றிக் கைவிட்டது. இதற்கிடையில் 1995இல், அந்தக் கருவியின் மூல நிரல் முழுவதையும் எம்.ஐ.டி. பதிப்பகம் அச்சுப் புத்தகமாகவே வெளியிட்டது. வட்டில் ஏற்றி அனுப்பினால் தளவாடம், காகிதத்தில் அச்சிட்டால் பேச்சுச் சுதந்தரம் என்ற நிலையில், அந்தக் காகிதப் பிரதி எல்லையைத் தாண்டியது. 1997இல் ஜெர்மனிக்கு வந்து உரையாற்றிய ஸ்டால்மன், அமெரிக்கர்களாகிய நாங்கள் இதை எழுதி வெளியே அனுப்ப முடியாது, நீங்கள் எழுதினால் நாங்கள் வரவழைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தை வற்புறுத்தினார். கேட்டிருந்த வெர்னர் கோக் அந்த வருஷமே வேலையைத் தொடங்கி, 1999 செப்டம்பரில் ஜி.என்.யு. பி.ஜி. (சுருக்கமாக ஜி.பி.ஜி.) என்னும் கருவியின் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். கடவுச்சொல்லே வேண்டாம் என்று போராடிய மனிதரின் தூண்டுதலால், இன்று பல்லாயிரம் பேர் தங்கள் கடவுச்சொல் ஏட்டைப் பூட்டும் பூட்டு உண்டாயிற்று. சுதந்தரமும் ரகசியமும் பகைமையுடையவை அல்ல என்பதை அவரும் காலப்போக்கில் கண்டிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானியரான டைக்கி உவேனோ எழுதிய ஈஸி பி.ஜி. என்ற இணைப்பு 2009இல் இமாக்ஸின் 23ஆம் பதிப்போடு சேர்க்கப்பட்டதும், மறைகோப்பு எடிட்டரின் சாதாரணக் கோப்பைப் போலவே ஆகிவிட்டது. பெயரின் இறுதியில் ஜி.பி.ஜி. என்ற மூன்றெழுத்து இருந்தால் போதும். திறக்கும்போது சாவித்தொடரைக் கேட்கும், சேமிக்கும்போது தானே பூட்டிவிடும். பெர்க்லி யூனிக்ஸின் கோப்புப் பரிமாற்றக் கருவி, யந்திரத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் என்று வரிவரியாக எழுதி வைத்துப் படித்துவந்த நெட்.ஆர்.சி. என்ற வெளிப்படையான பழைய ஏட்டின் வடிவத்தையே இமாக்ஸ் எடுத்துக்கொண்டு, ஆத்இன்ஃபோ என்ற பெயரில் பூட்டி வைத்துப் பயன்படுத்தலாயிற்று. கடிதங்களை வாங்கவும் அனுப்பவும் வேண்டிய சொற்களை எடிட்டர் தானே அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இங்கேயும் பிரதிகளின் பிரச்சினை விடவில்லை. இமாக்ஸ் முந்நூறு விசைகளுக்கு ஒரு முறையோ, முப்பது விநாடி ஓய்ந்திருந்தாலோ, திருத்தும் உரையைத் தன் போக்கில் ஒரு காப்புக் கோப்பில் எழுதிவிடும் பழக்கமுடையது. முழுக்கோப்பும் மறைக்கப்பட்டிருந்தால் ஈஸி பி.ஜி. அந்தப் பழக்கத்தைத் தானே நிறுத்திவைக்கிறது. ஒரே ஏட்டில் சில பகுதிகளை மட்டும் பூட்டும் ஆர்க்-கிரிப்ட் என்ற முறையில் அவ்வாறு எளிதில் செய்ய இயலவில்லை. பூட்டைத் திறந்து வைத்திருக்கும் அந்தச் சில நிமிஷங்களில் தானியங்கிக் காப்பு ஓடினால் ரகசியம் வெற்றெழுத்தாக வட்டில் விழுந்துவிடும் என்பதால், அது காப்பை நிறுத்தட்டுமா என்று கேட்டு எச்சரிக்கிறது. அந்த முறையில் தலைப்புகள் பூட்டப்படுவதும் இல்லை. எந்த வங்கியில் கணக்கு, எந்த மருத்துவமனையில் பதிவு என்பதெல்லாம் தலைப்பிலேயே விளங்கும்.

விம் என்ற எடிட்டரின் கதை இதைவிடப் படிப்பினை மிக்கது. நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மோலனார் 1991இல் வெளியிட்டு, 2023இல் தாம் மறையும்வரை போற்றி வளர்த்த அந்த எடிட்டரிலும் பெரிய எழுத்து எக்ஸ் என்பதே பூட்டும் கட்டளை. அதன் முதற்பூட்டு, ஜிப் என்னும் சுருக்கக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது. உள்ளே இருக்கும் உரையில் சில எழுத்துகள் தெரிந்தாலே அதை உடைத்துவிடலாம் என்று பிஹாமும் கோச்சரும் 1994இலேயே நிரூபித்திருந்தார்கள். 2010இல் 7.3ஆம் பதிப்பில் புளோஃபிஷ் என்ற வலிய முறை வந்தது. அதை அமைத்த விதத்தில் முதல் 64 பைட்டுகளுக்கு ஒரே மறைப்புத் திரை திரும்பத் திரும்ப வருவது பின்னர் கண்டுபிடிக்கப்பட்டு, 2014இல் திருத்தப்பட்டது. இவை பூட்டைப் பற்றியவை. என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. விம் இருநூறு எழுத்துகளுக்கு ஒரு முறை, அல்லது நான்கு விநாடி கை ஓய்ந்ததும், உரையை ஸ்வாப் என்ற தற்காலிகக் கோப்பில் எழுதி வைக்கும். 2010க்கு முற்பட்ட பதிப்புகளில் அந்தத் தற்காலிகக் கோப்பு மறைக்கப்படவில்லை, அதன் கையேடே இதை ஒளிக்காமல் சொல்லியிருந்தது. காகிதச் சுருளின் காலத்து ஈ.டி. 1979இல் செய்து வைத்திருந்த காரியம், முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே மறுபடியும் செய்யப்பட்டது. ஒரு கலையில் முன்னோர் அறிந்ததைப் பின்னோர் புதிதாக அறிய நேர்வது சரித்திரத்தில் அபூர்வமன்று. ஆனால் மூலநிரல் கண்ணெதிரே கிடக்கும் இந்தக் கலையிலும் அது நேர்ந்ததே என்பது மனத்தை உறுத்துகிறது.

ஸ்வாப் ஒன்றுதானா? வெட்டியெடுத்த வரிகளையும் பிரதி செய்த சொற்களையும் அடுத்த நாளும் நினைவில் வைத்திருக்கும் பொருட்டு விம்இன்ஃபோ என்ற கோப்பு ஒன்று உண்டு. மறைகோப்பிலிருந்து ஒரு கடவுச்சொல்லை வெட்டி எடுத்தால், எடிட்டரை மூடும்போது அது அங்கே வெற்றெழுத்தாகப் போய் உட்காரும். செய்ததை மாற்றிக்கொள்ள உதவும் பின்வாங்கு கோப்பும், ஜி.பி.ஜி. கோப்பைத் திருத்தும்போது, அப்படியே வெற்றெழுத்தாக எழுதப்படலாம். ஜி.பி.ஜி. கோப்புகளைத் திறக்க விம்முக்கென்று பிறர் எழுதிய இணைப்பு, திறந்த உடனே இம்மூன்று வசதிகளையும் நிறுத்திவிடுகிறது. 2021இல் லிப்சோடியம் நூலகத்தின் துணையால் எக்ஸ்சாசா20 என்ற நவீனப் பூட்டு விம்மில் சேர்ந்தபோது, தற்காலிகக் கோப்பை மறைக்கும் முயற்சியே கைவிடப்பட்டது; அந்தப் பூட்டைப் போட்டால் ஸ்வாப் எழுதப்படுவதே இல்லை. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம்மோ, எடிட்டருக்குள் பூட்டு வைப்பதே தன் வேலை அன்று என்று அந்தக் கட்டளையையே களைந்துவிட்டது. பூட்டைச் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் அதை விட்டுவிடுவது நல்லது என்பதே என் அபிப்பிராயமும்.

2012இல் ஜேசன் டோனன்ஃபெல்ட் வெளியிட்ட பாஸ் என்ற சிறு கருவி இந்த வழியில் சென்றது. ஒவ்வொரு கடவுச்சொல்லும் தனியொரு ஜி.பி.ஜி. கோப்பு, திருத்த வேண்டினால் அது உமக்குப் பழக்கமான எடிட்டரையே திறந்து கொடுக்கும். திறக்கும்போது எடுக்கும் தற்காலிகப் பிரதியை வட்டில் வைக்காமல், லினக்ஸில் நினைவகத்திலேயே இயங்கும் ஓரிடத்தில் வைக்கிறது; பிரதி செய்த சொல்லை நாற்பத்தைந்து விநாடியில் அழித்துவிடுகிறது. சாவித்தொடரை வைத்திருக்கும் ஜி.பி.ஜி. முகவரும், மாற்றி அமைக்காவிட்டால், பத்து நிமிஷம் தீண்டப்படாத சாவியை மறந்துவிடுகிறது. ஆனால் கோப்புகளின் பெயர்கள் இதிலும் வெளிப்படை; எங்கெங்கே கணக்கு உண்டு என்ற அட்டவணையை, அடைவைப் பார்க்கும் எவரும் படித்துவிடலாம்.

இத்தனை கவலையும் தற்காலிகப் பிரதிக்காக ஏன்? அழித்துவிட்டால் போயிற்றே என்று கேட்கலாம். அழித்தது போவதில்லை என்பதைப் பீட்டர் குட்மன் 1996ஆம் ஆண்டுக் கட்டுரையில் காந்த வட்டுகளைப் பற்றி விளக்கினார். இயக்க முறைமை, நினைவகம் நிறைந்தபோது அதன் பக்கங்களை வட்டுக்கு ஒதுக்கித் தள்ளுவதால், எடிட்டர் எதையும் எழுதாவிட்டாலும் சாவி வட்டில் விழக்கூடும் என்பதை நீல்ஸ் புரோவோஸ் 2000ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டி, ஓபன்பி.எஸ்.டி.யில் அந்த ஒதுக்கிடத்தையும் மறைக்கும் ஏற்பாட்டைச் செய்தார். எஸ்.எஸ்.டி. என்னும் புதிய வட்டுகளிலோ, ஒரு கோப்பின் மேல் எழுதினால் அது பழைய இடத்திலேயே விழும் என்ற நிச்சயம் கிடையாது. தேய்மானத்தைப் பங்கிடுவதற்காக வட்டு தானே இடம் மாற்றி எழுதுகிறது. தனிக்கோப்பை மேலெழுதி அழிக்கும் பழைய முறைகள் அவற்றில் பலிக்கவில்லை என்று சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் 2011இல் சோதித்து வெளியிட்டார்கள். வெற்றெழுத்து வட்டைத் தீண்டாமலே இருப்பதொன்றே இப்போது நம்பத்தக்க வழி.

ஆகவே எடிட்டருக்குள் மறைகோப்பு வைத்துக்கொள்ள விரும்புகிறவர், முதலில் உண்மையான ரகசியம் எதையும் எழுதாமல், உலகில் வேறெங்கும் வராத பொருளற்ற ஒரு சொல்லை அதில் எழுதி, வழக்கம்போல் சில நிமிஷம் திருத்தி, வெட்டி, ஒட்டி, சேமித்து மூடிவிட்டு, பிறகு கிரெப் என்ற தேடும் கருவியால் தம் வீட்டு அடைவையும் தற்காலிக அடைவையும் முழுவதும் துழாவிப் பார்ப்பது நலம். அதையே எடிட்டர் திறந்திருக்கும்போதும் ஒரு முறை செய்ய வேண்டும். ஏனெனில் சில பிரதிகள் மூடும்போது மறைந்துவிடும். அந்தச் சொல் எந்தக் கோப்பில் அகப்படுகிறதோ, அதை எழுதும் வசதி எதுவென்று கண்டு நிறுத்திய பிறகு, முதல் கடவுச்சொல்லை எழுதத் தொடங்கலாம்.